புராஸ்டேட் வீக்க அறுவை முறைகளின் ஒப்பீட்டு வரலாறு: ஃபிரேயர் முதல் ஹோல்மியம் வரை – வடசென்னையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் ஆண்களுக்கு நேரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இன்றுவரை பல அறுவை முறைகள் கையாளப்பட்டுள்ளன. எது மேலானது என்ற வினாவிற்கு ஒவ்வொரு தலைமுறை மருத்துவரும் இறப்பு எண்ணிக்கையைக் கொண்டே விடை கூற முயன்றனர். அவ்வெண்கள் கத்தியின் திறனை மட்டும் அளக்கவில்லை. செவிலியம், துணி, குருதி, கழுவுநீர், நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும் காலம் ஆகியவற்றையும் சேர்த்தே அளந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. இந்தியாவில் பணியாற்றிய பீட்டர் ஃபிரேயரின் பங்களிப்பும், மீஞ்சூர் முதல் இராயபுரம் வரையிலான வடசென்னை மக்களுக்கு வாய்த்த மருத்துவ அமைப்பும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புராஸ்டேட், நீரடைப்பு, ஃபிரேயர், மில்லின், டியுஆர்பி, ஸ்டான்லி மருத்துவமனை, மீஞ்சூர், மருத்துவ வரலாறு

முன்னுரை

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த பேரூர் மீஞ்சூர். ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் ஒருங்கே கோயில்கள் இருப்பதால் வடகாஞ்சி என வழங்கப்பெறுவது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும், பெரிய நோய் என்றால் இவ்வூரார் நோக்குவது தெற்கே இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையையே. நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் எனத் தொடரும் நிலையங்களின் வழியே நகரத்துக்குச் செல்லும் மின்தொடர் வண்டி, துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் தொழிலாளரைக் கொண்டுசெல்வதுபோல மருத்துவமனைக்கு முதியோரையும் கொண்டு செல்கிறது.

அம்முதியோரில் ஒரு பகுதியினர் சிறுநீர் முற்றிலும் நின்றுபோன நிலையில் வருவோர். மருத்துவ நூல்கள் இதனைப் புராஸ்டேட் வீக்கத்தின் கடைநிலைச் சிக்கல்களுள் ஒன்றாகக் குறிப்பிடும். அறுவை முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளின் மையத்தில் இருப்பவரோ பெரும்பாலும் வேறொருவர்: நடமாட்டம் உடையவர், நடுத்தரத் தொல்லை கொண்டவர், தமக்கு வேண்டிய சிகிச்சையைத் தேர்ந்துகொள்ள அவகாசம் பெற்றவர். இவ்விரு நோயாளர்க்கும் இடையிலான தொலைவே இக்கட்டுரையின் சிக்கல்.

1. பெயரும் நோயும்

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் கழுத்தில், சிறுநீர்ப்பாதையைச் சுற்றி அமைந்த சுரப்பி. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுடையது. ஐம்பதைக் கடந்தபின் அதன் உட்பகுதி மெல்ல வளர்ந்து, தன்னை ஊடறுத்துச் செல்லும் பாதையை நெருக்குகிறது. நீர்த்தாரை மெலிதல், இரவில் பலமுறை எழுதல், முக்கிக் கழித்தல், இறுதியில் அடைப்பு என நோய் நடைபோடும். இது புற்றுநோயன்று. ஆயினும் பின்னோக்கிய அழுத்தத்தால் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரைப் பறிக்க வல்லது.

கிரேக்கத்தில் ‘முன் நிற்பவன்’ என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் அதனை ‘முன்னிற்கும் சுரப்பி’ என நேராகவே தமிழாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘புராஸ்டேட்’ என்ற ஒலிபெயர்ப்போடு நின்றுவிட்டன. சித்த மருத்துவ மரபில் நீரடைப்பு, நீர்க்கட்டு, நீர்ச்சுருக்கு, சதையடைப்பு, கல்லடைப்பு என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை உறுப்பைச் சுட்டாமல் துன்பத்தைச் சுட்டுபவை. வடமொழியில் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம், மலவாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல்போல் திரண்டு வழியை அடைக்கும் வாதாஷ்டீலா என்னும் கட்டியைக் குறிப்பிடுகிறது. இருப்பிடம் பொருந்துவதால் இதனைப் புராஸ்டேட் வீக்கம் எனக் கொள்வாருளர். எனினும், உடற்கூற்றறிவின் வழி ஓர் உறுப்பாகப் பிரித்தறியப்பட்ட பின்னரே ‘புராஸ்டேட் நோய்’ என்ற கருத்துருவம் பிறந்தது என்பதால், பழம்பெயர்களை இன்றைய நோய்ப்பெயரோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சமன்படுத்துவது வரலாற்று நோக்கில் ஏற்புடையதன்று.

மேலை அறுவை மருத்துவம் தமிழில் நூலுருப் பெற்றது சென்னையில் அன்று; யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், இராபர்ட் துருயிட் எழுதிய அறுவை மருத்துவக் கையேட்டை ‘இரணவைத்தியம்’ எனத் தமிழாக்கி 1867இல் வெளியிட்டார். தம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சென்னை மாகாணத்தின் மருத்துவப் பள்ளிகள் அவ்வழியைப் பின்பற்றவில்லை. இதன் விளைவு பிற்கால நோயாளியின் நாவில் தெரிகிறது: ‘டியூப் போட்டிருக்கிறார்கள்’, ‘லேசர் வைத்தார்கள்’ என்னும் அளவிலேயே தன் உடலில் நிகழ்ந்ததை அவரால் எடுத்துரைக்க முடிகிறது.

2. கல்லிலிருந்து சுரப்பிக்கு

புராஸ்டேட் வீக்கத்திற்கு 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கிடைத்த ஒரே துணை, உலோகத்தாலோ இரப்பராலோ ஆன கதீட்டர் குழாய். நாளும் பலமுறை தாமே குழாய் செலுத்தி வாழ்ந்த முதியோருக்கு விரைவில் நோய்த்தொற்று நேரும். அதன்பின் வாழ்நாள் நெடிதன்று. அறுவைக்கான முதல் முயற்சிகள் பகுதியளவில் அமைந்தன. சிகாகோவின் வில்லியம் பெல்ஃபீல்டு 1886இலும் லீட்சு நகரத்தின் மக்கில் அதனையடுத்தும் அடிவயிற்றின் வழியே சிறுநீர்ப்பையைத் திறந்து, துருத்தி நின்ற மடலை மட்டும் அகற்றினர். 1893இல் பிலடெல்பியாவின் வில்லியம் ஒயிட் வேறொரு வழியை முன்வைத்தார்: விதைகளை அகற்றினால் சுரப்பி சுருங்கும் என்பது அவர் வாதம். 1895இல் 111 நோயாளரின் விவரங்களைத் தொகுத்து அவர் வெளியிட்டார். உடலியல் நோக்கில் அதில் உண்மை இருந்தது. ஆயினும் அடைப்பு நீங்கியதாகச் சொல்லப்பட்டவற்றுள் எத்தனை சுரப்பியின் சுருக்கத்தால், எத்தனை படுக்கை ஓய்வாலும் குழாயாலும் நேர்ந்தவை எனப் பிரித்தறியும் வழி அவரிடம் இல்லை. முறைகளை ஒப்பிடுவதன் இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகிறது.

இவ்விடத்தில் இந்தியா வரலாற்றினுள் நுழைகிறது. அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் 1851இல் பிறந்த பீட்டர் ஜான்ஸ்டன் ஃபிரேயர், 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வட இந்திய நகரங்களில் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அங்கு அவர் கைதேர்ந்தது புராஸ்டேட்டில் அன்று, சிறுநீர்ப்பைக் கல்லில். பாஸ்டனின் பிகலோ 1878இல் அறிவித்த முறை, கல்லைப் பையினுள்ளேயே நொறுக்கி ஒரே அமர்வில் உறிஞ்சி எடுப்பது. இதனை இந்திய மருத்துவமனைகள் ஐரோப்பாவினும் விரைந்து ஏற்றன. இந்தூரில் கீகன் அதனைச் சிறுவருக்கும் செய்து காட்டினார். நூற்றுக்கணக்கான நோயாளரைக் குறுகிய காலத்தில் காணும் வாய்ப்பு இலண்டன் மருத்துவருக்கு இல்லை. குடியேற்ற நாட்டு மாவட்ட மருத்துவருக்கு இருந்தது. அவ்வாய்ப்பின் மறுபக்கமாக, பயிற்சிக்குரிய உடல்களைத் தந்தவர் பெயரில்லா ஏழைகள். புகழையும் பொருளையும் பெற்றவர் மருத்துவர். இராம்பூர் நவாபின் கல்லை அகற்றியதற்கு ஃபிரேயர் பெற்ற தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் என்றும், அரசு அதனை ஏற்கத் தடைசொன்னதென்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறும்.

1896இல் ஓய்வுபெற்று இலண்டன் திரும்பிய ஃபிரேயர், செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் 1900 டிசம்பரில் தம் முதல் புராஸ்டேட் அறுவையைச் செய்தார். அடிவயிற்றில் கீறிச் சிறுநீர்ப்பையைத் திறந்து, ஒரு கையின் விரலால் சுரப்பியின் மேலுறையைக் கிழித்து, மறு கையின் விரலை மலக்குடலில் வைத்துச் சுரப்பியை மேல்நோக்கித் தள்ளி, ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல் வளர்ச்சியை முழுமையாக வழித்தெடுப்பதே அவர் முறை. கண் காணாத இடத்தில் விரல்நுனியின் உணர்வே வழிகாட்டி. 1901இல் நான்கு நோயாளரின் விவரங்களோடு பிரித்தானிய மருத்துவ இதழில் இதனை வெளியிட்டார்.

முன்னுரிமைச் சண்டை உடனே மூண்டது. நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் இத்தகைய முழு அகற்றலை 1890களின் நடுவிலேயே செய்து எழுதியிருந்தார். ஃபுல்லரின் முறையை நேரில் அறிந்த இராமோன் கிட்டராஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1900இல் இலண்டன் வந்தபோது அதனை ஃபிரேயரிடம் எடுத்துரைத்தார் என்பது ஃபுல்லர் தரப்பின் வாதம். கிடைக்கும் காலவரிசை ஃபுல்லருக்கே சார்பாக உள்ளது. ஆனால் முறையைப் பரப்பியவர் ஃபிரேயர். கல்லுக்காக இந்தியாவில் அவர் பழகிய எண்ணிக்கைப் பழக்கம், அதாவது தொடர்வரிசையாக நோயாளரைப் பதிந்து இறப்பு விகிதத்தோடு வெளியிடுதல், இங்கு அவருக்குக் கைகொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறுவைகளை அவர் இவ்வாறு பதிவுசெய்தார்.

ஃபிரேயர் ஒன்றில் தவறினார். சுரப்பி முழுவதையும் அகற்றுவதாக அவர் கூறினார். உண்மையில் வெளிவந்தது உள்வளர்ச்சி மட்டுமே. நெருக்குண்டு மெலிந்த மெய்ச்சுரப்பி உறைபோல் உள்ளேயே தங்கியது. வீக்கம் தோன்றும் உள்வலயத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் மக்நீல் தனித்துக் காட்டிய பின்னர் இது முழுத் தெளிவு பெற்றது. அறுவை ஏன் இத்துணை எளிதாக இயன்றது என்பதற்கும் இதுவே விடை: வளர்ச்சிக்கும் உறைக்கும் இடையே இயற்கையாகவே ஒரு பிரிதளம் உள்ளது.

3. இராயபுரமும் ஈரப்படுக்கையும்

ஃபிரேயர் முறையின் வன்மை விரைவு. அதன் குறை பின்பராமரிப்பு. குருதிக்கசிவைக் கண்ணால் கண்டு நிறுத்த இயலாது. அகன்ற இரப்பர்க் குழாய் அடிவயிற்றின் வழியே நீரை வெளியேற்றும். புண் மூடும்வரை வாரக்கணக்கில் சிறுநீர் வழிந்துகொண்டேயிருக்கும். அடிக்கடி துணி மாற்றவும், குழாய் கழுவவும், முதியவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆள் வேண்டும். சிறுநீரகம் நலிந்தோருக்கு அறுவையை இரு கட்டமாகப் பிரித்து, முதலில் பையிலிருந்து நீர்வடித்து உடல் தேறியபின் சுரப்பியை எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அது இறப்பைக் குறைத்தது. படுக்கை நாட்களையோ மேலும் கூட்டியது. ஆக, இலண்டன் அட்டவணையின் இறப்பு விகிதத்துக்குள் இலண்டன் செவிலியரும் சலவைக்கூடமும் மறைந்திருந்தனர்.

வடசென்னையில் அத்தகைய அமைப்பு எந்நிலையில் இருந்தது? ஸ்டான்லி மருத்துவமனையின் வேர், ஐதர் அலி படையெடுப்பையொட்டிய பஞ்சத்தின்போது 1780களின் தொடக்கத்தில் ஏற்பட்ட கஞ்சித்தொட்டியில் உள்ளது. மணியக்காரர் சத்திரம் என்பதே ‘மொனேகார் சௌல்ட்ரி’ என ஆங்கில ஏடுகளில் திரிந்தது. 1799இல் அங்கு ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவரின் பொறுப்பில் நோயாளர் இல்லம் அமைந்தது. 1664இல் கோட்டைக்குள் கும்பினியின் படைவீரருக்காகத் தோன்றி 1772இல் இன்றைய இடத்துக்கு வந்த பொது மருத்துவமனைக்கும் இதற்கும் பிறப்பிலேயே வேறுபாடு உண்டு: அது படைக்காக எழுந்தது, இது பசிக்காக எழுந்தது. பின்னர் இராயபுரம் மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியின் பெயரை ஏற்று, 1938இல் கல்லூரியாயிற்று. 1941இல் மூன்று மருத்துவப் பிரிவுகளும் மூன்று அறுவைப் பிரிவுகளும் நிறுவப்பெற்றன.

இராயபுரம் பள்ளி உருவாக்கியோர் உரிமம் பெற்ற மருத்துவர்கள், அதாவது எல்.எம்.பி. என்று அறியப்பட்டவர்கள். 1924இல் நீதிக்கட்சி அமைச்சரவைக் காலத்தில் கிராமங்களில் மானியத்துடன் மருத்துவரை அமர்த்தும் திட்டம் வந்தபோது, பட்டம் பெற்றோர் நகரை விட்டகலத் தயங்கிய இடங்களை நிரப்பத்தக்கவர் இவர்களே. பொன்னேரி வட்டத்தைப் போன்ற பகுதியில் நீரடைப்பு நேர்ந்த முதியவர் முதலில் காணக்கூடியவர் நாட்டு வைத்தியர். அடுத்து இத்தகைய உரிம மருத்துவர். அவரால் குழாய் செலுத்த இயலும். குழாய் நுழையாவிடில் அடிவயிற்றில் துளையிட்டு நீர்வடிக்க இயலும். சுரப்பியை அகற்ற இயலாது. எனவே அறுவை முறைகளின் வரலாறு என்பது நகர்ப்புறப் பெருமருத்துவமனையின் வரலாறாகவும், குழாயின் வரலாறு மாவட்டத்தின் வரலாறாகவும் பிரிந்து சென்றன எனலாம். இப்பிரிவு பின்னும் மறையவில்லை.

4. மில்லினும் சிட்னியும்

ஈரப்படுக்கையை ஒழிக்கும் முயற்சி இரு திசைகளிலிருந்து வந்தது. 1920களின் இறுதியில் சிட்னியின் ஹாரி ஹாரிஸ், சுரப்பி எடுத்த குழியைக் கண்ணால் கண்டு தைத்துக் குருதியை நிறுத்தி, பையை உடனே மூடினார். 1945 டிசம்பரில் டெரன்ஸ் மில்லின், 20 நோயாளரின் விவரத்தோடு லான்செட் இதழில் மற்றொரு வழியை அறிவித்தார்: சிறுநீர்ப்பையைத் திறக்காமலேயே, பூப்பெலும்புக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாகச் சுரப்பியின் உறையை நேரே கீறி வளர்ச்சியை எடுத்தல். குருதி நாளங்களைக் காணலாம், கட்டலாம். வாரக்கணக்கு நாட்கணக்காயிற்று. மில்லினும் அயர்லாந்தின் மைந்தரே என்பது ஒரு பக்கச் செய்தி.

மில்லினின் வெற்றியை அவர் கீறிய இடத்துக்கு மட்டும் உரியதாக்குதல் பிழை. அதே பத்தாண்டில் பென்சிலின் வந்தது. குருதி வங்கிகள் பெருகின. தண்டுவட மயக்கமருந்து பரவலாயிற்று. ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கிய பலூன் கதீட்டர், தானே உள்ளே தங்கி நீரை வெளியேற்றியதோடு பலூனால் அழுத்திக் குருதியையும் தடுத்தது. இவையனைத்தையும் பெற்ற ஃபிரேயர் முறைக்கும் இறப்பு குறைந்தது. பழைய முறையின் பழைய எண்ணைப் புதிய முறையின் புதிய எண்ணோடு ஒப்பிட்ட கட்டுரைகள் இதனைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

இந்தியப் பொது அறுவை மருத்துவர்களிடம் திறந்த அறுவை நெடுங்காலம் நிலைத்ததற்கும் காரணம் இங்குள்ளது. அதற்கு வேண்டியவை எந்த அறுவைக்கூடத்திலும் இருக்கும் கருவிகளே. மிகப் பெரிய சுரப்பியையும் ஒரே அமர்வில் எடுத்துவிடலாம். மறு அறுவைக்கு நோயாளி திரும்பவரத் தேவை அரிது. மீஞ்சூரிலிருந்தோ அதற்கும் அப்பால் பழவேற்காட்டிலிருந்தோ ஒருமுறை வருவதே அரிதான தொழிலாளிக்கு இக்கடைசிக் காரணம் சிறிதன்று. இதனைப் ‘பின்தங்கிய முறை’ என ஒதுக்கும் போக்கு சில வரலாற்றுக் குறிப்புகளில் காணப்படுகிறது. அது கருவியின் வயதை மட்டும் நோக்கி, அது பயன்பட்ட சூழலை நோக்காத மதிப்பீடு.

5. கம்பி வளையமும் கழுவுநீரும்

வெளியே கீறலே இல்லாமல் சிறுநீர்ப்பாதை வழியாகவே சென்று சுரப்பியைச் சீவி எடுக்கும் எண்ணம் ஃபிரேயர் காலத்ததே. பால்டிமோரின் ஹியூ ஹாம்ப்டன் யங், கூர்விளிம்புக் குழலால் அடைப்பைத் துளைத்தெடுக்கும் கருவியைக் கையாண்டார். இம்முறையால் 1912இல் நலம்பெற்ற செல்வர் ஜேம்ஸ் பிராடி அளித்த கொடையால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் பெயரிலேயே சிறுநீரியல் நிறுவனம் எழுந்தது. ஆயினும் அக்கருவி குருட்டுத்தனமாக வெட்டியது. மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தன: மாக்ஸ் நிட்சே 1879இல் அறிமுகப்படுத்திய அகநோக்கி, எடிசனின் மின்விளக்கு, உயர் அதிர்வெண் மின்சாரம். 1926இல் மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் மின்கம்பி வளையத்தைப் புகுத்தினார். 1930களின் தொடக்கத்தில் தியோடர் டேவிஸ், ஜோசப் மெக்கார்த்தி ஆகியோரின் திருத்தங்களால் அது நடைமுறைக் கருவியாயிற்று. இதுவே இன்று டியுஆர்பி என வழங்கும் முறை. 1960களில் ஹெரால்டு ஹாப்கின்ஸின் கண்ணாடித்தண்டு ஒளியமைப்பைக் கொண்ட அகநோக்கிகள் வந்தபின் பார்வை பன்மடங்கு தெளிந்தது.

டியுஆர்பியின் உயிர்நாடி கம்பி வளையம் எனப் பலரும் கருதுவர். உண்மையில் அது கழுவுநீர். சீவும்போது வழியும் குருதியை இடைவிடாது கழுவினால்தான் பார்வை நிலைக்கும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்திச் சிதறடிக்கும் என்பதால் தொடக்கத்தில் தூய காய்ச்சி வடித்த நீரே பயன்பட்டது. திறந்த குருதிநாளங்கள் வழியே அந்நீர் உடலினுள் புகுந்தால் சிவப்பணுக்கள் உடையும். இதனை 1947இல் கிரீவி எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே நெஸ்பிட்டும் கிளிக்மனும் கிளைசின் கரைசலைப் பரிந்துரைத்தனர். அது சிவப்பணுக்களைக் காத்தது. குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போவதைத் தடுக்கவில்லை. மயக்கம், குழப்பம், வலிப்பு, சில வேளை இறப்பு என வரும் இந்நிலையே டியுஆர் நோய்க்குறித்தொகுதி. எனவே ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் சீவலை முடித்துவிட வேண்டும் என்னும் வரம்பு ஏற்பட்டது. நேர வரம்பு சுரப்பியின் அளவுக்கு வரம்பாயிற்று. மிகப் பெரியவற்றை இவ்வழியே எடுப்பது இடர்மிக்கதாயிற்று.

ஓர் அறுவைக்கு லிட்டர் கணக்கில் கழுவுநீர் செலவாகும். கிளைசின் விலை கொடுத்து வாங்கவேண்டியது. வடித்த நீரோ மருத்துவமனையிலேயே ஆயத்தமாவது. இந்தியாவில் பல மருத்துவமனைகள் நெடுநாள் வரை தூய நீரையே கையாண்டன. உலகப் பாடநூல்கள் கைவிடச் சொன்ன ஒன்றைச் சீவும் காலத்தைக் குறுக்கியும் அழுத்தத்தைத் தாழ்த்தியும் இங்கு பாதுகாப்பாகப் பயன்படுத்த முயன்ற மருத்துவர்களின் கைத்திறன், எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் தனிப்பத்தியாக இடம்பெறுவதில்லை. இருமுனை மின்முறை வந்து உப்புநீரிலேயே சீவ இயன்ற பின்னரே இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

இக்கருவிக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குத் தனித்துறை வேண்டும். இந்திய அறுவை மருத்துவர் சங்கத்தின் சிறுநீரியல் பிரிவு 1961இல் அமைந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எச்.எஸ். பட் சிறுநீரியலை வளர்த்தெடுத்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் அது தனித்துறையானபின், பொது அறுவை மருத்துவரின் கையிலிருந்த புராஸ்டேட் சிறுநீரியலார் கைக்கு மாறியது.

6. எண்களின் வழக்கு

1980களில் டியுஆர்பி ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. 1989இல் மெபஸ்டும் பிறரும் அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,885 நோயாளரை ஆராய்ந்து, அறுவையை ஒட்டிய இறப்பு 0.2 விழுக்காடு என அறிவித்தனர். ஒயிட் காலத்தோடு ஒப்பிட இது வியத்தகு வீழ்ச்சி. அதே ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ரூசும் வென்பர்க் உள்ளிட்ட குழுவினரும் டென்மார்க், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரம், கனடாவின் மானிட்டோபா ஆகியவற்றின் ஆவணங்களைக் கொண்டு எழுதிய கட்டுரை துறையையே அதிரவைத்தது. சிறுநீர்ப்பாதை வழி அறுவை பெற்றோருக்கு மறு அறுவை மிகுதி என்றதோடு, பின்வந்த ஆண்டுகளில் இறப்பும் திறந்த அறுவை பெற்றோரைவிட மிகுதி என அது கூறியது.

கீறலே இல்லாத முறை எவ்வாறு மிகுதியாகக் கொல்லும்? 1992இல் கொங்காட்டோவும் ஃபைன்ஸ்டைன் உள்ளிட்டோரும் விடை கண்டனர். இதயநோய், நுரையீரல் நோய் உடைய மெலிந்தோரை மருத்துவர் இயல்பாகவே டியுஆர்பிக்கு அனுப்புவர். உடல் வலுவுள்ளோரைத் திறந்த அறுவைக்குத் தேர்வர். நோயாளரின் பிற நோய்களை நோய்ப்பதிவேட்டின் வழி நுணுகிக் கணக்கிட்டபோது வேறுபாடு மறைந்தது. இவ்வழக்கில் கொங்காட்டோ தரப்பே வலுவானது. ஆயினும் ரூஸ் கட்டுரையின் மறு அறுவை பற்றிய பகுதி வீழவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சீவல் முறையில் வளர்ச்சியின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. அது மீண்டும் வளரலாம்.

1995இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு, 556 ஆண்களைக் குலுக்கல் முறையில் டியுஆர்பி, கண்காணிப்பு என இரு பிரிவாக்கியது. அறுவை பெற்றோருக்குத் தொல்லை குறைந்தது; கண்காணிப்பில் இருந்தோருள் பலர் காலப்போக்கில் அறுவைக்கு மாறினாலும் பெரும்பான்மையோர் தாங்கிக்கொண்டனர். சான்று வலுவானது. ஆனால் சேர்க்கப்பட்டோர் நடுத்தரத் தொல்லை உடையோர். முற்றிலும் அடைப்பு நேர்ந்து, குழாயோடு, கிரியாட்டினின் உயர்ந்து வருபவர் அக்கணக்கில் இல்லை. மருத்துவ ஆய்வில் இவ்விலக்கு நியாயமானதே. தூய்மையான ஒப்பீட்டுக்கு ஒத்த நோயாளர் வேண்டும். அவ்விடையை அப்படியே எடுத்து ஸ்டான்லியின் புறநோயாளர் வரிசைக்குப் பொருத்துவதில்தான் பிழை நேர்கிறது. அவ்வரிசையின் முதியவருக்கு ‘அறுவையா, கண்காணிப்பா’ என்பது வினாவே அன்று.

1990களில் மருந்துகள் இப்பிளவை அகலமாக்கின. ஃபினாஸ்டரைடு 1992இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆல்பா தடுப்பிகள் பரவின. செல்வ நாடுகளில் அறுவை எண்ணிக்கை சரிந்தது. மருந்து நாள்தோறும் வாங்கப்பட வேண்டியது. ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளப்பட வேண்டியது. நாட்கூலிக்கு உழைப்பவர் தொல்லை தணிந்ததும் மாத்திரையை நிறுத்துவதும், அடைப்பு நேர்ந்தபின் மீள்வதும் எதிர்பார்க்கத்தக்கவை. மாத்திரையின் ஆண்டுச் செலவையும் ஒருமுறை அறுவையின் செலவையும் ஒப்பிடுகையில், அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி நிகழும் அறுவையும் 2009 முதல் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் துலாக்கோலை வேறு பக்கம் சாய்க்கின்றன.

7. மீண்டும் அதே தளம்

1990களின் நடுவில் நியூசிலாந்தின் தவுரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் உடன்பணியாளரும் ஹோல்மியம் லேசரைப் புராஸ்டேட்டில் கையாளத் தொடங்கினர். முதலில் ஆவியாக்கினர், பின்னர்ச் சீவினர், இறுதியில், வளர்ச்சிக்கும் உறைக்கும் இடையிலான தளத்தைக் கண்டு, மடல்களை முழுமையாகப் பிரித்துச் சிறுநீர்ப்பையுள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சினர். ஹோலெப் என வழங்கும் இம்முறை டியுஆர்பியின் வழித்தோன்றலாகவே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. கருவி செல்லும் வழியை நோக்கின் அது சரி. செய்யும் செயலை நோக்கின் இது ஃபுல்லரும் ஃபிரேயரும் விரல்நுனியால் கண்ட அதே தளம். விரலின் இடத்தில் ஒளியிழை. பையினுள் நொறுக்கி உறிஞ்சுவதோ, பிகலோவின் கல்லுறிஞ்சலை ஒத்தது. உப்புநீரிலேயே நிகழ்வதால் பழைய கழுவுநீர்ச் சிக்கல் இல்லை. வளர்ச்சி முழுமையாக அகல்வதால் மறு அறுவை அரிது.

இன்றைய ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட சுரப்பிகளுக்குத் திறந்த அறுவையையோ லேசர் அகற்றலையோ பரிந்துரைக்கின்றன. 30 முதல் 80 வரையிலானவற்றுக்கு டியுஆர்பி இன்னும் அளவுகோலாக நிற்கிறது. ஆக, 1901இன் முறை வழக்கிழந்துவிட்டது என்பது முழு உண்மையன்று. லேசர் கருவியும், அதில் தேர்ச்சிபெற ஐம்பது அளவிலான அறுவைகளாவது தேவைப்படும் பயிற்சியும் இல்லாத இடத்தில், பெருஞ்சுரப்பிக்கு மில்லினும் ஃபிரேயரும் இன்றும் பணியில் உள்ளனர்.

பெருஞ்சுரப்பி யாரிடம் மிகுதியாகக் காணப்படும் என்பது உடலியல் வினா மட்டுமன்று. தொல்லையை முதுமையின் இயல்பெனப் பொறுத்து, உப்பளத்திலும் கட்டுமரத்திலும் சரக்குக் கிடங்கிலும் உழைப்பைத் தொடர்ந்து, அடைப்பு நேர்ந்த இரவில் உள்ளூர் மருத்துவமனையில் குழாய் பொருத்தப்பட்டு, மறுநாள் காலை மீஞ்சூரில் வண்டியேறுபவர் காலந்தாழ்ந்து வருபவர். அவருக்கு முதலில் செய்யப்பட வேண்டியது எந்த அறுவையும் அன்று. குழாயை அப்படியே வைத்து, சிறுநீரகச் செயல் மீளும்வரை நாட்களோ வாரங்களோ காத்திருத்தல், தொற்றை அடக்குதல், குருதிச்சோகையைச் சரிசெய்தல். நூறாண்டுக்கு முன் இருகட்ட அறுவையாளர் கண்டறிந்த பாடமும் இதுவே: முதற்கட்டம் நீர்வடித்தல், இரண்டாம் கட்டம் சுரப்பி. இரண்டிற்கும் இடைப்பட்ட வாரங்களை அவர் குழாயோடு மீஞ்சூரில் கழிக்கிறாரா, மருத்துவமனைப் படுக்கையில் கழிக்கிறாரா, அவ்வாரங்களின் கூலியை யார் ஈடுசெய்கிறார் என்பனவற்றுக்கு ஒப்பீட்டு அட்டவணைகளில் பத்தி ஒதுக்கப்பட்டதில்லை.